கோல்ரிட்ஜின் ஏப்ரல்

முதுகலை இரண்டாமாண்டு வகுப்பில் அகத்திணையியல் நடத்திக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில் மாணவர் ஒருவர் எழுந்து வினா ஒன்று தொடுத்தார். முதல், கரு, உரி என்னும் மூன்றையும் கரும்பலகையில் கட்டம் போட்டு அப்போதுதான் விளக்கி முடித்திருந்தோம். புணர்தலுக்குக் குறிஞ்சி, இருத்தலுக்கு முல்லை, ஊடலுக்கு மருதம், இரங்கலுக்கு நெய்தல், பிரிதலுக்குப் பாலை என்று ஆண்டுதோறும் சொல்லிச் சொல்லி நாவில் தழும்பேறிப் போன பட்டியல் அது. "ஐயா, ஒவ்வோர் உணர்வுக்கும் ஒரு நிலம் இருக்கிறது. எந்த உணர்வும் வராதவனுக்கு எந்த நிலம்?" என்றார் அம்மாணவர். வகுப்பு சிரித்தது. நாமும் உடன் சிரித்தோம். "அவனுக்குப் பாட்டே இல்லை, ஆகவே நிலமும் இல்லை" என்று சாதுரியமாக ஒரு விடையைச் சொல்லி, மணியடிக்கும் வரை பொழுதைக் கடத்தினோம்.

விடை சாதுரியமானதேயன்றி உண்மையானதன்று. அவ்வினாவில் சொல்லப்பட்ட மனிதர், ஓராண்டுக்கும் மேலாக, நாமேதாம்.

எம் அன்னை 2022ஆம் ஆண்டு கார்த்திகையில் மறைந்தார். பதினெட்டு நாட்கள் மருத்துவமனையில் இருந்தார். பதினெட்டு நாட்களும் உடனிருந்தோம். கொள்ளி வைத்தபோதும், பதினாறாம் நாள் காரியத்தின்போதும் எம் கண்ணில் நீர் துளிர்க்கவில்லை. உறவினர் அதனை நெஞ்சுரம் என்று பாராட்டினர். உரமுமன்று, சொல்லப்போனால் துயரமுமன்று. துயரம் என்றால் அதற்கு ஓர் எடை இருக்கும். சுமக்கிறோம் என்றாவது தெரியும். இதற்கு எடையே இல்லை. உண்டோம், உறங்கினோம், விடைத்தாள் திருத்தினோம். ஒன்றும் எம்மைத் தொடவில்லை.

இதைக் கண்டு கவலையுற்ற நண்பர்கள் அடுத்த ஆண்டு ஆனி மாதத்தில் எம்மை வால்பாறைக்கு அழைத்துச் சென்றனர். 'மலையைப் பார்த்தால் மனம் ஆறும்' என்பது அவர்கள் நம்பிக்கை. நாற்பது கொண்டையூசி வளைவுகள். ஒன்பதாம் வளைவில் வண்டியை நிறுத்தி, கீழே விரிந்து கிடந்த ஆழியாற்று நீர்த்தேக்கத்தைக் காட்டினர். மேலே செல்லச் செல்ல மூடுபனி. அதன் கிழிசல்களினூடே தேயிலைச் சரிவுகள். மழை பெய்து ஓய்ந்திருந்தது. நண்பர் ஒருவர் வழக்கம்போல், "குறிஞ்சிப் பாட்டு ஒன்று சொல்லுங்கள்" என்றார். சொன்னோம். சீர் பிறழவில்லை, சொல் மறக்கவில்லை. அனைவரும் சற்று நேரம் அமைதியாக நின்றனர். எமக்கோ, யாரோ ஒருவர் எழுதித் தந்த முகவரியை உரக்கப் படித்ததுபோல் இருந்தது. மலை அழகாக இருக்கிறது என்பது தெரிந்தது. வானிலை அறிக்கையைத் தெரிந்துகொள்வதுபோலத் தெரிந்தது, அவ்வளவே. இருபது ஆண்டுகளாக இயற்கையும் மனமும் இயைந்தியங்கும் அழகைப் பற்றி மாணவர்க்குச் சொல்லிப் பிழைத்து வருபவர் நாம் என்னும் நினைவு அப்போது உண்டாக்கிய நாணம் ஒன்றுதான் அன்று எமக்கு வாய்த்த உணர்ச்சி.

மாணவரின் வினாவை மறுநாள் தேநீர்க் கடையில் ஆங்கிலத்துறைப் பேராசிரியர் ஒருவரிடம் வேடிக்கைபோலச் சொன்னோம். ஓய்வு பெறும் தறுவாயில் இருந்தவர். எம்மைத் தம்பி என்றே அழைப்பார். அவர் சிரிக்கவில்லை. "உங்கள் மாணவன் கேட்டதை 1802லேயே ஒருவர் கேட்டுவிட்டார், தம்பி" என்றார். அடுத்த நாள் ஓர் ஒளிநகலைக் கொண்டுவந்து எம் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். கோல்ரிட்ஜின் 'டிஜெக்ஷன்: ஓர் ஓட்'. சோர்வு என்றோ, மனம் மடிதல் என்றோ அத்தலைப்பைத் தமிழாக்கலாம்.

இங்கே ஓர் ஒப்புதல் வாக்குமூலம் தேவைப்படுகிறது. ஆங்கிலப் புனைவியல் கவிஞரை நாம் அறிந்ததெல்லாம் முதுகலைப் படிப்பின் ஒப்பிலக்கியத் தாள் வழியாகத்தான். அத்தாளில் அவர்களுக்கு ஓர் அலகு ஒதுக்கப்பட்டிருந்தது. வேர்ட்ஸ்வொர்த் இயற்கைக் கவி. ஷெல்லி புரட்சிக் கவி. கீட்ஸ் அழகுக் கவி. பாரதி ஷெல்லிதாசன் என்று புனைபெயர் வைத்துக்கொண்டது இரண்டு மதிப்பெண் வினா. கோல்ரிட்ஜுக்கு அபினும் மாலுமியும் போக எஞ்சியது ஒன்றுமில்லை. பார்த்தேயிராத டாஃபடில் மலர்களைப் பள்ளியிலேயே மனப்பாடம் செய்தவர்களாகையால் வேர்ட்ஸ்வொர்த்தைப் பற்றி எமக்கு ஐயமே எழுந்ததில்லை: இயற்கையிடம் போனார், ஆறுதல் பெற்றார். தேர்வில் அப்படியே எழுதினோம். பின்னர் அப்படியே நடத்தினோம்.

ஒளிநகலை முதல் தடவை படித்தபோது பாதிதான் விளங்கிற்று. அகராதியைத் துணைக்கொண்டு ஓரங்களில் தமிழில் குறிப்பெழுதி இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் படித்தோம். அதன்பின் அக்கவிதை பிறந்த கதையைத் தேடிப் படிக்கத் தொடங்கினோம். 1802ஆம் ஆண்டின் இளவேனிற் காலத்தில் ஏறத்தாழ நான்கு வாரங்களுக்குள் நிகழ்ந்தவை அவை.

வட இங்கிலாந்தின் ஏரி மாவட்டம். கிராஸ்மியர் என்னும் சிற்றூரில் வேர்ட்ஸ்வொர்த்தும் அவர் தங்கை டொரோத்தியும் வாழ்கின்றனர். பதின்மூன்று மைல் வடக்கே கெஸ்விக்கில், கிரேட்டா ஹால் என்னும் வீட்டில், மனைவி மக்களோடு கோல்ரிட்ஜ். நான்காண்டுகளுக்கு முன், 1798இல், இருவரும் சேர்ந்து தம் பெயரைக்கூடப் போடாமல் 'லிரிகல் பாலட்ஸ்' என்னும் தொகுதியை வெளியிட்டவர்கள். அன்று தென்மேற்கே சாமர்செட்டில், நடந்து போகும் தொலைவில் இரு வீடுகள். மூவரும் சேர்ந்து நடந்த குவாண்டாக் குன்றுகள். ஓர் உடலும் இரு தலைகளும் என்னும்படியான நட்பு.

1802இல் நிலைமை வேறு. கோல்ரிட்ஜுக்கு வயது இருபத்தொன்பது. மணவாழ்வு கசந்துவிட்டது. நோவுக்கு மருந்தெனத் தொடங்கிய அபின் அவரைப் பிடித்துக்கொண்டுவிட்டது. சாரா ஹட்சின்சன் என்னும் பெண்மீது, நிறைவேற வழியில்லாத காதல். அச்சாராவின் தமக்கை மேரியைத்தான் வேர்ட்ஸ்வொர்த் மணக்கவிருந்தார். நண்பனுக்குத் திறக்கும் வீட்டின் வாசலில், தான் உள்ளே நுழைய இயலாமல் நிற்பவரின் நிலை என்று இதைச் சொல்லலாம்.

மார்ச் 27ஆம் நாள் காலையுணவு வேளையில் வேர்ட்ஸ்வொர்த் ஒரு கவிதையைத் தொடங்குகிறார். பிற்காலத்தில் அமரத்துவம் பற்றிய ஓட் என்று புகழ்பெற்றது அதுவே. சிறுவயதில் உலகின்மேல் இருந்த ஓர் ஒளி இப்போது இல்லை. பூ இருக்கிறது, மரம் இருக்கிறது, அவ்வொளி எங்கே போயிற்று என்று கேட்டு, நான்கு பத்திகளோடு நின்றுவிடுகிறது. விடை அவருக்கே தெரியவில்லை. எஞ்சியதை எழுத இரண்டாண்டுகள் ஆயின. மறுநாளே அண்ணனும் தங்கையும் கெஸ்விக்குக்குச் சென்று கோல்ரிட்ஜுடன் தங்கினர். அங்கே அவர் அந்நான்கு பத்திகளையும் கேட்டிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர் துணிபு. ஏப்ரல் 4, ஞாயிற்றுக்கிழமை. விருந்தினர் இன்னும் வீட்டில் இருக்கையிலேயே, கோல்ரிட்ஜ் சாராவுக்கு முந்நூற்று நாற்பது அடி அளவில் ஒரு செய்யுட் கடிதம் எழுதுகிறார்.

அக்கடிதத்திலிருந்து செதுக்கப்பட்டதே 'டிஜெக்ஷன்'.

அக்கவிதையில் முதலில் ஒரு மாலை வருகிறது. பிறைநிலவின் மடியில் பழைய நிலவின் மங்கிய வட்டம் தெரிகிறது, புயலுக்கு அறிகுறி. புயல் வரட்டும், ஒருவேளை அதுவாவது தம்மைத் தட்டி எழுப்பும் என்று காத்திருக்கிறார் கவிஞர். மேலைவானத்தில் மஞ்சளும் பச்சையும் கலந்த ஒரு விசித்திர நிறம். நெடுநேரமாக அவர் அதனையே நோக்கிக்கொண்டிருக்கிறார். மேகம், விண்மீன், பிறை எல்லாம் கண்ணுக்குப் படுகின்றன. அழகென்று அறிவு சான்று கூறுகிறது. நெஞ்சு கூறவில்லை.

ஒன்பதாம் வளைவில் நின்றவர்க்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

அதன்பின் அவர் சொல்வதுதான் எம்மைத் திடுக்கிடச் செய்தது. வெளியே உள்ள உருவங்களிடமிருந்து உள்ளே இருக்க வேண்டிய ஊற்றை எதிர்பார்ப்பது வீண் என்கிறார். இயற்கை தானாக எதையும் தருவதில்லை. மனிதர் கொடுத்ததைத்தான் திருப்பித் தருகிறது. அது மணக்கோலம் பூண்டு தோன்றினாலும் பிணக்கோலம் பூண்டு தோன்றினாலும் உடுத்தியவர் காண்பவரே. ஆகவே உள்ளிருந்து ஒளி புறப்பட வேண்டும். அவ்வொளிக்கு அவர் இட்ட பெயர் மகிழ்ச்சி. எமக்கு அதனை உவகை என்று சொல்வதே பொருத்தமாகப் படுகிறது. எண்வகை மெய்ப்பாட்டில் இறுதியில் நிற்கும் உவகை. அவ்வுவகை அவிந்தால் மலையும் கடலும் வெறும் பொருட்கள்.

'மலையைப் பார்த்தால் மனம் ஆறும்' என்று எம்மை அழைத்துச் சென்ற நண்பர்களையும், அப்படியே பாடம் நடத்திய எம்மையும் ஒருசேரத் தள்ளுபடி செய்யும் கூற்று இது. கொடுமையாகத்தான் தோன்றியது. ஆனால் இரவில் விழித்துக் கிடந்து எண்ணிப் பார்த்தபோது அதில் ஒரு விடுதலையும் இருந்தது. வால்பாறையில் குற்றம் எம்முடையதுமன்று, மலையுடையதுமன்று. கொடுப்பதற்கு எம்மிடம் அன்று ஒன்றுமில்லை; ஆகவே பெறவில்லை.

கவிதை அத்தோடு முடிவதில்லை. கோல்ரிட்ஜ் தம் தத்துவத்தைச் சொல்லி முடித்த கணத்தில், அவர் கவனியாதிருந்த காற்று வெளியே வலுத்துவிட்டிருக்கிறது. சாளரத்தில் வைத்த, காற்றுப் பட்டால் தானே ஒலிக்கும் யாழ் அலறுகிறது. இந்த யாழ் அவருக்குப் பழையது. 1795இல், திருமணத்தையொட்டிய காலத்தில், இதே யாழைப் பற்றி ஓர் இனிய கவிதை எழுதியவர் அவர். உயிர்களெல்லாமே ஒரு பெருங்காற்று மீட்டும் யாழ்களோ என்று அதில் வியந்தவர். ஏழாண்டு கழித்து அந்த யாழ் ஓலமிடுகிறது. அவ்வோலத்தில் முதலில் தோற்றோடும் படையின் முனகல் கேட்கிறது. பின்னர் வழிதவறிய ஒரு சிறுமி தாயைத் தேடி அழும் குரல் கேட்கிறது. உணர்வே இல்லை என்று இவ்வளவு நேரம் சொன்னவர் எப்படி இதைக் கேட்டார்? மேலைவானத்து நிறத்தை அத்தனை நுணுக்கமாகச் சொன்னவரின் கண் எப்படி வெற்றுக்கண் ஆகும்? இம்முரணைக் குறையென்று சொல்பவர் உண்டு. எமக்கு அதுவே கவிதையின் உயிர் என்று தோன்றுகிறது. உவகை வரவில்லை, உண்மைதான். ஆனால் எழுத எழுத ஏதோ ஒன்று அசைந்துவிட்டது. அது வலியாக அசைந்தது.

தமிழ் படித்தவர்கள் சற்று நின்று நோக்கவேண்டிய செய்தி இன்னொன்று உண்டு. முந்நூற்று நாற்பது அடிக் கடிதம் நூற்று முப்பத்தொன்பது அடிக் கவிதையாகச் சுருங்கியபோது கோல்ரிட்ஜ் முதலில் நீக்கியது பெயரை. கடிதம் சாராவை விளித்தது. அடுத்த படியொன்றில் அவ்விடத்தில் வில்லியம் வந்தார்; 'மார்னிங் போஸ்ட்' நாளிதழில் வெளியானபோது எட்மண்ட் என்னும் புனைபெயர்; 1817இல் நூலாக்கத்தின்போது வெறுமனே ஒரு பெருமாட்டி. மனைவி பற்றிய கசப்பு, வீட்டுத் துயரம், தன்னிரக்கம் எல்லாம் கழிந்துபோயின. மூலக் கடிதம் 1937 வரை அச்சேறவேயில்லை. அகப்பாட்டில் தலைமக்களின் இயற்பெயர் வரலாகாது என்பது தொல்காப்பிய நெறி. நெடுநல்வாடையில் வேப்பந்தார் பற்றிய ஒரு குறிப்பு பாண்டியனைக் காட்டிக்கொடுத்ததால் அது புறமாயிற்று என்று உரையாசிரியர் வழக்காடியதை நாம் ஆண்டுதோறும் நடத்துகிறோம்; மாணவர்கள் அதனைப் பிடிவாதமான இலக்கண விதி என்றே எண்ணிச் சலித்துக்கொள்வர். கோல்ரிட்ஜ் தொல்காப்பியத்தை அறியார். ஆயினும் பெயர் நீங்கினாலன்றித் தன் துயர் பிறர் நின்று பார்க்கும் நிலமாகாது என்பதைத் தம் கைப்பட அடித்தடித்து எழுதிக் கண்டுகொண்டார். சாராவுக்கு எழுதிய கடிதத்தைப் பின்னர் தேடிப் படித்தோம். அங்கே கோல்ரிட்ஜ் இருந்தார், எமக்கு இடமில்லை. ஓட்டில் எமக்கு இடமிருந்தது.

அது நாளிதழில் வெளிவந்த நாள் 1802 அக்டோபர் 4. அன்றுதான் வேர்ட்ஸ்வொர்த்தின் திருமணம். கோல்ரிட்ஜின் மணநாளும் அதே அக்டோபர் 4தான்; ஏழாண்டு நிறைவு. இதை வாழ்த்தென்பதா, வசையென்பதா? நாம் பலவாறு எண்ணிப் பார்த்து விட்டுவிட்டோம்.

டாஃபடில் மலர்களுக்கு வருவோம். ஏப்ரல் 15ஆம் நாள், நண்பர் இல்லத்திலிருந்து திரும்பும் வழியில், அல்ஸ்வாட்டர் ஏரிக்கரையில் அண்ணனும் தங்கையும் அம்மலர்களைக் கண்டனர். கடுங்காற்று. டொரோத்தி தம் நாட்குறிப்பில் அதனை எழுதி வைத்தார். எத்தனை பூக்கள், கரையோரம் எப்படி ஒரு பட்டைபோல நீண்டன, எவை கல்மேல் தலைசாய்த்துக் களைத்துக் கிடந்தன என்று ஒன்றுவிடாமல் எழுதினார். வெளியிடும் எண்ணம் அவருக்கில்லை. அண்ணன் அதைக் கவிதையாக்கியது இரண்டாண்டுகள் கழித்து, 1804இல். நூலில் வந்தது 1807இல். கவிதையில் தங்கை இல்லை; கவிஞர் தனியே திரிகிறார். கவிதையின் உயிர்நாடியான, அகக்கண்ணைப் பற்றிய இரண்டு அடிகளோ மனைவி மேரி தந்தவை. இதை வேர்ட்ஸ்வொர்த்தே சொல்லியிருக்கிறார். ஆக, தனிமையைப் பாடிய அக்கவிதையை மூவர் சேர்ந்து ஆக்கினர். பள்ளியில் இதைச் சொல்லித் தந்திருந்தால் எமக்கு அப்பூவின்மேல் இத்தனை ஆண்டு மனத்தாங்கல் இருந்திராது.

இதிலும் கவனிக்கத்தக்கது, பூவைக் கண்ட கணத்தில் தமக்கு என்ன கிட்டிற்று என்று தெரியவில்லை என்றே அவர் கூறுகிறார் என்பது. பேறு பின்னால் வருகிறது, வீட்டில், வெறுமையாகப் படுத்திருக்கையில். இயற்கை கொடுத்தது, மனிதர் பெற்றார் என்னும் எளிய கணக்கை வேர்ட்ஸ்வொர்த்தும் எழுதவில்லை. காண்பதில் ஒரு பங்கு காண்பவரின் ஆக்கமே என்று 1798இல் டின்டர்ன் மடத்துக்கு அருகே எழுதிய கவிதையிலேயே அவர் ஒப்புக்கொண்டிருந்தார். நண்பர் இருவரும் வேறுபட்டது பங்கின் அளவில்தான். ரஸ்கின் 1856இல் வந்து, இயற்கையின்மேல் மனித உணர்வை ஏற்றுவது ஒருவகைப் பிழை என்று பெயரிட்டு வகுத்தபோது கோல்ரிட்ஜின் ஓர் இலையையே சான்றாகக் காட்டினார். தண்டியலங்காரம் படித்தவர்க்கு இது வேடிக்கையாக இருக்கும். அவர் பிழை என்றதை நாம் தற்குறிப்பேற்றம் என்று அணியாக்கி மதிப்பெண்ணும் தருகிறோம்.

இவ்விருவர் வழக்கில் எமக்கு நடுவராக வந்து வாய்த்தவர் கவிஞரல்லர், பொருளியல் எழுதிய ஜான் ஸ்டூவர்ட் மில். தந்தை அவரை மூன்று வயதிலேயே கிரேக்கம் கற்பித்து வளர்த்தார். 1826இன் இலையுதிர்காலத்தில், இருபது வயதில், எல்லாம் பொருளற்றுப் போனதாக அவருக்கு ஒரு நிலை வந்தது. அதைத் தம் வரலாற்றில் விவரிக்குமிடத்து, தம் நிலையைச் சரியாகச் சொன்னவை என்று அவர் எடுத்துக்காட்டுவன 'டிஜெக்ஷன்' கவிதையின் அடிகள். அவரை முதலில் அசைத்தது மலையோ மலரோ அன்று. மார்மோன்தெல் என்னும் பிரெஞ்சு எழுத்தாளரின் நினைவுக் குறிப்புகளில், தந்தை இறந்த வீட்டில் ஒரு சிறுவன் குடும்பத்துக்குத் தானே எல்லாமாக இருப்பேன் என்று உறுதிகொள்ளும் ஓரிடம். அதைப் படித்து அழுதார், கனம் குறைந்தது. 1828இல் வேர்ட்ஸ்வொர்த்தைப் படித்தார். அது மருந்தாயிற்று. ஏன் ஆயிற்று என்பதற்கு அவர் கூறும் காரணம் துல்லியமானது. வெறும் இயற்கைக் காட்சி தான் வேண்டுமென்றால் சுமாரான ஒரு நிலப்பரப்பே எந்தக் கவிஞரைவிடவும் நன்றாகத் தந்துவிடும். இக்கவிதைகளில் இருந்ததோ காட்சியன்று. காட்சி தூண்ட எழுந்த உணர்வின் நிலைகளும், உணர்வில் தோய்ந்த எண்ணமும்.

மில்லைப் படித்தபின் வேர்ட்ஸ்வொர்த்திடம் திரும்பினோம். இம்முறை டாஃபடிலிடம் அல்ல, அவர் மறைந்தபின் 1850இல் வெளிவந்த 'பிரலூட்' என்னும் நெடுங்கவிதையிடம். அதில் ஓரிடம்.

அவருக்கு வயது பதின்மூன்று. 1783ஆம் ஆண்டு, கிறிஸ்துமஸ் விடுமுறை. தம்மையும் உடன்பிறந்தாரையும் வீட்டுக்கு அழைத்துச் செல்லக் குதிரைகள் வரும் என்று காத்திருக்கிறார். எந்த வழியாக வரும் என்று தெரியாததால் இரு சாலைகளையும் காண ஒரு பாறைமேல் ஏறி அமர்கிறார். மூடுபனி, காற்று, பழைய கற்சுவர் ஒன்று. ஒருபுறம் தனித்த ஓர் ஆடு, மறுபுறம் ஒரு முட்செடி. வீடு சேர்ந்து பத்து நாட்களுக்குள் தந்தை இறந்துபோனார். தாய் முன்பே இல்லை. அதன்பின் வாழ்நாள் முழுதும் அந்த ஆடும் முட்செடியும் காற்றின் ஓசையும் அவரிடம் திரும்பத் திரும்ப வந்தன. அவரே விரும்பி அவற்றிடம் போய், ஊற்றில் நீர் அருந்துவதுபோல் அருந்தினார்.

இதில் அழகென்று சொல்ல என்ன இருக்கிறது? ஓர் ஆடு, ஒரு செடி. அக்கணத்தில் அச்சிறுவனுக்கு அவை ஒன்றுமில்லை. அவன் குதிரைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அதற்குப் பொருள் தந்தது பின்னால் வந்த சாவு. 'இயற்கைக் கவி' என்று நாம் விடைத்தாளில் எழுதியவர், தம் மனத்தின் மிக ஆழமான நிலக்காட்சியாகக் கருதியது இதனை.

மருத்துவமனையின் மூன்றாம் தளத்தில், தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே உள்ள தாழ்வாரத்தின் கோடியில், ஒரு சாளரம் இருந்தது. பதினெட்டு நாட்கள் நாம் அதன் அருகேதான் நின்றோம். அதன்வழியே தெரிந்தது அடுத்த கட்டடத்து மொட்டைமாடியின் கறுப்புத் தண்ணீர்த்தொட்டி, அதன் கழுத்தில் சுற்றிய கிழிந்த நீலத் தார்ப்பாய், கார்த்திகை மழை, தொட்டியின்மேல் நனைந்துகொண்டே உட்கார்ந்திருந்த ஒரு காக்கை. அதை நாம் பார்க்கவில்லை. மருத்துவர் எப்போது வெளியே வருவார் என்று கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். ஆயினும் பாறைமேல் அமர்ந்த சிறுவனைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்த அந்த இரவில், அழையாமலே அத்தொட்டி வந்து நின்றது. தார்ப்பாயின் கிழிசல் எந்தப் பக்கம் என்பதுகூடத் தெரிந்தது. நூலை மூடவும் தோன்றவில்லை. உள்ளறையிலிருந்து எம் துணைவியார் எழுந்து வந்து, விளக்கை அணைக்காமல், பக்கத்தில் அமர்ந்துகொண்டார். எவ்வளவு நேரம் அழுதோம் என்று தெரியவில்லை.

நோய் அன்றோடு தீர்ந்தது என்று எழுதினால் பொய்யாகும். சில நாட்கள் வருகிறது, சில நாட்கள் வருவதில்லை. கோல்ரிட்ஜ் பிழை, வேர்ட்ஸ்வொர்த் சரி என்று தீர்ப்புக் கூறவும் நாம் வரவில்லை. கோல்ரிட்ஜ் சொன்னபடி, அத்தொட்டிக்கு உயிர் கொடுத்தது நாமேதாம். ஆனால் கொடுக்கிறோம் என்று தெரியாமல் கொடுத்திருக்கிறோம். வற்றிவிட்டதாக நாம் நம்பிக்கொண்டிருந்த காலத்தில் கொடுத்திருக்கிறோம். அந்த இடத்தைக் கோல்ரிட்ஜின் கணக்கு எட்டவில்லை என்று மட்டும் தோன்றுகிறது.

ஏப்ரல் 21ஆம் நாள் கோல்ரிட்ஜ் கிராஸ்மியரில் அச்செய்யுளை அண்ணனுக்கும் தங்கைக்கும் படித்துக் காட்டினார். அன்றைய நாட்குறிப்பில், அது தம்மை வெகுவாகப் பாதித்ததாக டொரோத்தி எழுதுகிறார். வெளியே வெயில், பசும்புல், தெளிந்த வானம். அவையே துயரை மிகுவித்தன என்றும், துள்ளி விளையாடிய ஆட்டுக்குட்டிகளும் தமக்குத் துயருற்றனவாகவே பட்டன என்றும் குறிக்கிறார். டாஃபடில் மலர்களைக் கண்டு சரியாக ஆறு நாட்கள்தாம் ஆகியிருந்தன.

அடுத்த வாரம் வகுப்பில், முன்னர்ச் சொன்ன விடை தவறு என்று அம்மாணவரிடம் ஒப்புக்கொண்டோம். முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்த நிலையே பாலை, அதற்கெனத் தனி நிலம் இல்லை என்று சிலப்பதிகாரம் கூறுவதை நினைவூட்டினோம். கோல்ரிட்ஜ் நின்று பார்த்த மேலைவானத்தையும் விவரித்தோம். தொட்டியைப் பற்றிச் சொல்லவில்லை. முதல் நாள் வகுப்பு முழுதும் சிரித்தபோது அவர் சிரிக்கவில்லை என்பது அப்போதுதான் எமக்கு நினைவு வந்தது. மணியடித்துப் பிறர் கலைந்தபின் அருகில் வந்து, ஓரங்களில் தமிழ்க் குறிப்பு எழுதிய அந்த ஒளிநகலைக் கேட்டு வாங்கிச் சென்றார். இன்னும் திருப்பித் தரவில்லை. நாமும் கேட்கவில்லை.